பாதித் தீவுக்கு அக்கா

என் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அந்தச் சிறிய பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டுவிட்டு, என் நாத்தனார் கலோலைனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிஷம் ஆகும் லெசி. அதுவரைக்கும் எதையாவது பேசிட்டு இரு. நீ வாயை மூடிட்டு உட்கார்ந்தா எனக்குப் பயமா இருக்கு."

"குத்தினது நீங்க. பயப்பட வேண்டியது நான் அண்ணி."

அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். எங்கள் தீவில் இருப்பது ஒரே கிளினிக். அதில் இருந்தது இரண்டே பேர்: நர்ஸ் கலோலைனே, சுகாதார அதிகாரியான இளைஞன் தௌஃபா. தௌஃபா பயிற்சிக்காகத் தலைநகருக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. வர இன்னும் மூன்று மாதம். ஆகவே பிரசவம், பல்வலி, மீன் முள் குத்தியது, தேங்காய் தலையில் விழுந்தது எல்லாமே அண்ணி கையில்தான்.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்த ரத்தப் பரிசோதனையை அண்ணி கட்டாயமாக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் மேற்குக் கரையில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. காரணம் சிஃபிலிஸ் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தது அண்ணிதான். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. பரிசோதனைப் பட்டைகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்ததுதான் அவர் பேசிய பேச்சு.

பதினைந்து நிமிடம் கழித்துப் பட்டையை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை கோடு அண்ணி?"

"ரெண்டு."

கடல் சத்தம் கேட்டது. நான் அழவில்லை. முதலில் மனதில் வந்தது குழந்தைகூட இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் என் கணவரின் அக்கா என்பதுதான். எங்கள் நாட்டில் தம்பி வீட்டில் அக்கா சொல்தான் சட்டம். அவர் வாசலில் காலை வைத்தால் நான் தரையில் உட்கார வேண்டும். அப்படிப்பட்டவர் இப்போது என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

"அண்ணி, நான் சத்தியமா..."

"நிறுத்து. நான் உன்னை ஒண்ணும் கேட்கல." பட்டையை என் முன்னால் வைத்தார். "நோய் இருக்குன்னு மட்டும்தான் இந்தப் பட்டை சொல்லும். யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொல்லாது. அது சொல்லாததை நானும் சொல்ல மாட்டேன். இது குணமாகிற நோய். வயித்துல இருக்கிறதையும் காப்பாத்தலாம். அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்ப அழணும்னா அழு. அஞ்சு நிமிஷம் தர்றேன். அப்புறம் குப்புறப் படு."

அந்த ஐந்து நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

பென்சிலின் மருந்து வெள்ளையாக, கெட்டியாக, தேங்காய்ப்பால் மாதிரி இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அண்ணி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்கினார். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஊசி. வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரு வாரம் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். தலைநகரில் நோயின் அளவு பார்ப்பதற்காகக் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தமும் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் அடித்தது. செத்துக்கொண்டிருக்கும் கிருமிகள் கடைசியாகப் போடும் சண்டை அது என்று அண்ணி முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னதோடு விடாமல் வீட்டுக்கே வந்து, என் வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் அசைவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியிடம், "சும்மா காய்ச்சல்தான். நீ போய் வலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குமேல் அவரால் சொல்ல முடியாது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. அக்கா தம்பி, அண்ணன் தங்கை இருக்கும் இடத்தில் உடம்பு சம்பந்தப்பட்ட பேச்சு எதுவும் எழக் கூடாது. அவர்கள் பேசக் கூடாது என்பது மட்டுமில்லை, அவர்கள் காதுபட மற்றவர்களும் பேசக் கூடாது. டி.வி.யில் ஒரு முத்தக் காட்சி வந்தால்கூட, அண்ணி அந்த அறையில் இருந்தால் என் கணவர் ஹவேயா எழுந்து பன்றிக்குத் தீனி வைக்கப் போய்விடுவார். எங்கள் பன்றிகள் கொழுத்திருப்பதற்கு அதுதான் காரணம்.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் காலை, ஹவேயாவும் நானும் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் நான் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். குழந்தைக்கு என்ன ஆகலாம் என்பதையும் சொன்னேன். கடைசியில், "உங்களுக்கும் ஊசி போடணும்" என்றேன்.

ஹவேயா பெரிய உடம்புக்காரர். தனி ஆளாகப் படகைக் கரைக்கு இழுத்துவிடுவார். அவர் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

"எட்டு மாசம் முன்னாடி, ஆஸ்திரேலியாவுல தக்காளித் தோட்டத்துல இருந்தப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஒரு புண்ணு வந்துச்சு லெசி. வலியே இல்ல. மருந்தடிக்கிற டப்பா உரசினதுன்னு நினைச்சேன். மூணு வாரத்துல தானா போயிடுச்சு. போனதும் மறந்துட்டேன்."

"புண்ணு மட்டும் தானா வந்துச்சா?"

அவர் தலை நிமிரவில்லை. "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. பார்ட்டி ஒண்ணு இருந்துச்சு. அவ பேரு கூடச் சரியா ஞாபகம் இல்ல."

"என் பேரு ஞாபகம் இருந்துச்சா அப்போ?"

நான் அவருடைய பாயையும் தலையணையையும் எடுத்துப் படகுக் கொட்டகையில் போட்டேன். கோபம் நிறைய இருந்தது. ஆனால் கோபம் காத்திருக்கும். வயிற்றில் இருப்பது காத்திருக்காது.

"நாளைக்குக் கிளினிக்குக்குப் போங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

"அங்க அக்கா மட்டும்தானே இருக்காங்க!"

"தௌஃபா வர மூணு மாசம் ஆகும். போங்க."

போனார். அதில் பொய் சொல்லக் கூடாது. புதன்கிழமை போனார், வியாழக்கிழமை போனார். இரண்டு நாளும் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கேட்டால், "அங்க யாருமே இல்ல" என்றார். கிளினிக்கில் ஆள் இல்லாமல் எப்படி இருக்கும் என்று வெள்ளிக்கிழமை நானே பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

ஹவேயா முன்வாசல் படியில் கால் வைத்தார். உள்ளே ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்த அண்ணி, எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தவர் ஆயிற்றே, மரியாதையாகப் பின்வாசல் வழியே வெளியேறி வாழைத்தோப்புக்குள் போய் நின்றுகொண்டார். தம்பி சங்கடப்படக் கூடாதாம். ஹவேயா காலி அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். வாசலில் அக்காவின் செருப்பைப் பார்த்தார். அக்கா சங்கடப்படக் கூடாது என்று எழுந்து போய்விட்டார். அவர் போனதும் அண்ணி வாழைத்தோப்பிலிருந்து வெளியே வந்தார், தலையில் ஒரு காய்ந்த இலையோடு.

"வந்தான், போயிட்டான்" என்றார் என்னைப் பார்த்து, குற்றம் முழுக்கத் தம்பியுடையது போல.

"நீங்க எங்கே போனீங்க அண்ணி?"

"வாழைக்குலை முத்திருச்சான்னு பார்த்தேன்."

"வாரத்துக்கு மூணு தடவையா?"

மாத்திரை கொடுத்து அனுப்பலாமே என்று கேட்டேன். மாத்திரையும் உண்டு, ஆனால் ஒரு வேளை தவறாமல் பல நாள் விழுங்க வேண்டும் என்றார் அண்ணி. "பல் விளக்குறதையே மறக்கிறவன் அவன். ரெண்டாம் நாளே டப்பாவைப் படகுல தொலைச்சிடுவான். ஊசின்னா போட்டாச்சுன்னு எனக்குத் தெரியும்."

அடுத்து ஹவேயாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் படகில் ஐந்து மணி நேரம். மறுநாளே கிளம்பினார். திரும்பி வரும்போது முகம் சாம்பல் பூத்திருந்தது. கையில் ஒரு பாட்டில்.

"என்னங்க இது?"

"இருமல் மருந்து."

"உங்களுக்கு இருமலே இல்லையே!"

"டாக்டர் வேற தீவுக்குப் போயிட்டார். ஊசி ரூம்ல உட்கார்ந்திருந்தது யாரு தெரியுமா? எங்க சித்தப்பா பொண்ணு. 'வா அண்ணா, என்ன உடம்புக்கு?'ன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? இருமிக் காட்டினேன்."

எங்கள் ஊரில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மட்டுமில்லை, அத்தை மாமா பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள்தான். அப்படி எண்ணிப் பார்த்தால் கலோலைனே அண்ணி இந்தத் தீவின் பாதி ஆண்களுக்கு அக்கா, இல்லையென்றால் தங்கை. தௌஃபா இல்லாத நாட்களில் ஆண்கள் ஏன் கிளினிக் பக்கமே வருவதில்லை என்பது அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. என் வீட்டுக்காரர் ஒருவர் மட்டுமா தோட்ட வேலைக்குப் போய் வந்தார்?

இரண்டாவது ஊசிக்கு நான் போன நாளில் அண்ணி முதலில் அதைத்தான் கேட்டார்.

"அங்க ஊசி போட்டாங்களா அவனுக்கு?"

"இருமல் மருந்து கொடுத்தாங்க."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பியை உள்ளங்கையில் உருட்டத் தொடங்கினார்.

"நீ மூணு ஊசியும் ஒழுங்காப் போட்டுக்குவ. உன் ரத்தம் சுத்தமாகும். அவன் அப்படியே இருப்பான். ஒரு கூரைக்குக் கீழ புருஷனும் பொண்டாட்டியும் எத்தனை நாள் கோபமா இருப்பீங்க? நான் நர்ஸ் லெசி, எனக்குத் தெரியும். மறுபடி உனக்கு வரும். எட்டாம் மாசத்துல வந்தா..." முடிக்கவில்லை. "இன்னொரு குழந்தையைத் துணியில சுத்த என்னால முடியாது. அதுவும் என் தம்பி குழந்தையை."

நான் குப்புறப் படுத்தபடியே கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் பேசியதால்தான் எனக்கு அவ்வளவு துணிச்சல் வந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணி, நீங்க அவருக்கு அக்கா. சரி. என் வயித்துல இருக்கிறதுக்கு நீங்க யாரு?"

"அத்தை. இது என்ன கேள்வி?"

"அத்தை கேட்டா எந்த வீட்டுலயாவது இல்லைன்னு சொல்லியிருக்காங்களா? எங்க கல்யாணத்துல அவரோட அத்தை வந்தாங்க. கேக்கோட மேல் அடுக்கை எடுத்தாங்க. எங்க அம்மா ஒரு வருஷம் பின்னின பாயை எடுத்தாங்க. போற போக்குல கட்டியிருந்த பன்னியையும் அவிழ்த்துட்டுப் போனாங்க. யாராவது வாயைத் திறந்தாங்களா?"

"அது முறை லெசி. அண்ணன் தம்பி பிள்ளைங்க மேல அத்தைக்கு உள்ள உரிமை. பாய் வேற, இது வேற."

"ஏன் வேற? பாயைக் கேட்கலாம், பிள்ளையோட உயிரைக் கேட்கக் கூடாதா?"

ஊசி உள்ளே போனது. வலித்தது. பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கையை அண்ணி வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வர்றேன்" என்றார் கடைசியில். "சேம்பு இலையில மாட்டுக்கறி வெச்சுக் கட்டு. தேங்காய்ப்பாலைத் தாராளமா ஊத்து. போன தடவை கஞ்சத்தனம் பண்ணிட்ட."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், குழி தோண்டி மூடிச் சமைக்கும் மண் அடுப்பைத் திறந்து இலைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணி வாசலில் வந்து நின்றார். ஹவேயா நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மரியாதைக்காக உடைக்கு மேல் பின்னல் பாய் கட்டுவது எங்கள் வழக்கம்; சர்ச்சுக்கு இடுப்பில் சிறிய பாய்தான் கட்டுவார்கள். அன்று அண்ணி கட்டியிருந்தது கல்யாணத்துக்கும் ராஜ மரியாதைக்கும் மட்டும் கட்டும் பெரிய பாய், மார்புக்குக் கீழிருந்து முழங்கால் வரைக்கும். அக்காவாக வரவில்லை, வேறு ஏதோ பெரிய பொறுப்போடு வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

நடு அறையில், தலைவாசலுக்கு எதிரில், வீட்டின் மிக உயர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். தம்பியைப் பார்க்கவே இல்லை. என் வயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"ஏண்டா தங்கம், இல்ல, ஏண்டி தங்கம். யாரா இருந்தாலும் சரி, கேளு. உன் அத்தை பேசுறேன்."

ஹவேயா ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். போகவில்லை.

"உன் அப்பன் நல்லவன். கடலுக்குப் பயப்பட மாட்டான். ஊசிக்கும் பயப்படல. மரியாதைக்குத்தான் பயப்படுறான். அந்த மரியாதை என்கிட்டயும் இருக்கு. அதை நான் உடைக்க வரல. ஆனா உனக்கும் எனக்கும் நடுவுல அது கிடையாது. உன்கிட்ட நான் எதை வேணும்னாலும் பேசுவேன்.

"உன் அம்மா ரத்தத்துல ஒரு நோய் இருக்கு. சிஃபிலிஸ்னு பேரு. ஊசி போட்டுட்டு இருக்கேன், அது ஓடிட்டு இருக்கு. உங்க வீட்டுல இன்னொருத்தருக்கும் அது இருக்கணும். அவர் ஊசி போட்டுக்காத வரைக்கும் அது திரும்பத் திரும்ப உன்னைத் தேடி வரும். அதனால நான் இன்னைக்கு என் உரிமையைக் கேட்க வந்திருக்கேன். நீ பிறந்த பிறகு கேட்க வேண்டியதை எல்லாம் இப்பவே விட்டுக் கொடுக்கிறேன். பாய் வேண்டாம். பன்னி வேண்டாம். கேக் வேண்டாம்... கேக் கொஞ்சம் கொடுத்தா வாங்கிப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் வேணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு உன் அப்பன் கிளினிக்குக்கு வரணும். நான் வாழைத்தோப்புக்குப் போக மாட்டேன். அவனும் செருப்பைப் பார்த்துட்டுத் திரும்பக் கூடாது."

என் வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. அண்ணி கை அங்கேதான் இருந்தது. "கேட்டுடுச்சு" என்றார்.

ஹவேயா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அத்தை கேட்டதை இல்லைன்னு சொல்ற குடும்பம் இல்ல இது."

பிறகு மூவரும் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் போதவில்லை என்றார் அண்ணி.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது, பரிசோதனை அறையின் குறுக்கே கயிறு கட்டி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்க விட்டிருந்தார் அண்ணி. கட்டில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். விரிப்பில் கட்டிலின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கை அளவில் ஒரு சதுரம் வெட்டி, ஓரத்தை அழகாக மடித்துத் தைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் யாரும் வேலை செய்யக் கூடாது. எப்போது தைத்தார் என்று நான் கேட்கவில்லை.

"நீ அவன் பக்கம் நில்லு" என்றார் என்னிடம். "நான் கேட்கிறதை நீ கேளு. அவன் சொல்றதை நீ சொல்லு."

நடுவில் இருந்தது ஒரு துணி. ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும்.

"பென்சிலின் ஒத்துக்காம எப்பவாவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருக்கான்னு கேளு."

"பென்சிலின் ஒத்துக்காம எப்பவாவது தடிப்பு வந்திருக்கா?"

"இல்லைன்னு சொல்லு" என்றார் ஹவேயா.

"இல்லையாம் அண்ணி."

"விரலை நீட்டச் சொல்லு."

விரல் சதுரத்தின் வழியே அந்தப் பக்கம் போனது. ஒரு சொட்டு எடுத்ததும் திரும்பி வந்தது. பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். ஹவேயா கூரையின் தகரங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கோடுன்னு சொல்லு. நாலாவது தகரத்துல ஓட்டை இருக்கு, அதை அடைக்கணும்னும் சொல்லு, அங்கேயே பார்த்துட்டு இருக்கான்ல."

"அடைச்சுடறேன்னு சொல்லு."

"புண்ணு வந்து எத்தனை மாசம்?"

நான் கேட்டேன். எட்டு என்றார். ஒரு வருடத்துக்குள் வந்தது என்பதால் அவருக்கு ஒரே தவணை போதும் என்றார் அண்ணி. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வேட்டியை எவ்வளவு இறக்க வேண்டும், எந்த இடம் சதுரத்துக்கு நேராக வர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய உடம்பை நான் கப்பலைத் துறையில் கட்டுவது போலத் தள்ளித் தள்ளிக் கட்டிலில் கிடத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். அவ்வளவு இல்ல. ஆங், அங்கேயே. மூச்சை இழுத்து விடச் சொல்லு."

"மூச்சை இழுத்து..."

"ஆ! அம்மா!"

"நான் இன்னும் சொல்லியே முடிக்கல!"

"கத்துறதைக் கேட்டா ஊரே ஓடி வரும்னு சொல்லு" என்றது விரிப்பு.

முடிந்ததும் ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் உட்கார வைத்தார். ஹவேயாவால் உட்கார முடியவில்லை, நின்றார். கிளம்பும்போது விரிப்பைப் பார்த்துச் சொன்னார், இந்த முறை என் வழியாக இல்லை. "நன்றி அக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர் நொண்டிக்கொண்டே வந்தார். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எனக்கு இன்னும் பல நாட்கள் பிடித்தன. சில நாட்கள் மன்னித்து, மறுநாள் திரும்பக் கோபித்துக்கொண்டேன். ஆனால் அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெருமை. யாரும் சொல்லாமலே செய்தார். அந்த வாரம் காவா என்ற வேர்ச்சாறு குடிக்கும் கொட்டகையில், தோட்ட வேலைக்குப் போய்வந்த ஆண்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது இவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்.

"என்ன ஹவேயா, சீட்டுல ஆணியா?" என்று ஒருவன் கேட்டானாம்.

"ஆணி இல்ல, ஊசி. ரெண்டு. எனக்கு சிஃபிலிஸ் இருந்துச்சு. எங்கக்கா போட்டாங்க."

அக்கா என்ற சொல்லும் நோயின் பெயரும் ஒரே வாக்கியத்தில் வந்ததை அந்தக் கொட்டகை கேட்டதில்லை.

"அக்காவா?"

"நடுவுல துணி இருந்துச்சு. அவங்க முகத்தை நான் பார்க்கல. என் முகத்தை அவங்க பார்க்கல. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் உள்ளங்கை அளவு. இதுல எந்த மரியாதை கெட்டுச்சு, சொல்லு? வலியே இல்லாத புண்ணு வந்து தானாப் போச்சுன்னு யாராவது நினைச்சுட்டு இருந்தீங்கன்னா, அது போகல. உங்க வீட்டுக்குத்தான் போயிருக்கு."

அடுத்த வாரம் ஆண்கள் வந்தார்கள். முதலில் ஒருவன், பிறகு மூன்று பேர். ஒவ்வொருவனும் தனக்காகப் பேச ஓர் ஆளை அழைத்து வந்தான். மனைவி, மச்சினி, ஒருவனுக்கு மாமியார். அந்த மாமியார் மருமகனிடம் கேட்ட கேள்விகளில் பாதி அண்ணி கேட்கச் சொல்லாதவை. "எத்தனை பேரு? எண்ணத் தெரியாதா உனக்கு? விரலை மடக்கிச் சொல்லு!" என்ற குரல் துறைமுகம் வரைக்கும் கேட்டது. தௌஃபா பயிற்சி முடிந்து திரும்பி வருவதற்குள் அண்ணி பத்தொன்பது ஆண்களைச் சோதித்திருந்தார். ஐந்து பேருக்கு இரண்டு கோடு. ஐவருக்கும், அவர்கள் மனைவிமாருக்கும் ஊசி போட்டாகிவிட்டது. தௌஃபா விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "இதையெல்லாம் பயிற்சியில சொல்லிக் கொடுக்கலையே!" என்றான்.

என் மூன்று ஊசியும் நாள் தவறாமல் முடிந்தன. தலைநகரிலிருந்து வந்த கணக்கில் ரத்தத்திலிருந்த அளவு மாதத்துக்கு மாதம் இறங்கியது. எல்லாம் நன்றாகப் போகிறது என்றார் அண்ணி. ஆனால் என் வயிற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு கணம் அவர் மூச்சு நின்று பிறகு வரும். எனக்கு அது தெரியும். குழந்தை பிறந்து, அதன் ரத்தத்தைப் பார்த்தால்தான் உறுதி.

பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றரைக் கிலோ. அப்பாவின் தோள், அப்பாவின் குரல். டாக்டர் உள்ளங்கை, பாதம், மூக்கு, வயிறு எல்லாம் பார்த்து, ஒரு குறையும் தெரியவில்லை என்றார். ரத்தம் தலைநகருக்குப் போனது. பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அவள் உள்ளங்கையைத் திறந்து திறந்து பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, எங்கள் கிளினிக்கின் தொலைபேசி அடித்தது. நான் பெஞ்சில் குழந்தையோடு இருந்தேன். ஹவேயா வெளியே ஏணி மேல் நின்று ஓட்டைத் தகரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணி காகிதத்தில் எண்களைக் குறித்துக்கொண்டார். "திரும்பச் சொல்லுங்க" என்றார். மறுபடி குறித்தார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்து, பரிசோதனைப் பட்டையை அன்று வைத்தது போலக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"உன் ரத்தத்துல இருக்கிற அடையாளம் கொஞ்சம் அவளுக்கும் வந்திருக்கு. அது உன்னோடது. உன்னோடதை விடக் குறைவாத்தான் இருக்கு. சில மாசத்துல தானாப் போயிடும், போகிற வரைக்கும் நான் பார்த்துட்டே இருப்பேன். அவளுக்குன்னு நோய் இல்ல லெசி. குழந்தை நல்லா இருக்கா."

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. இரண்டு பெண்களும் சேர்ந்து அழுவதைக் கேட்டு ஹவேயா ஏணியிலிருந்து குதித்து ஓடி வந்தார். வாசலில் நின்றார். அக்கா முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பதைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அண்ணி என் மடியிலிருந்து குழந்தையை எடுத்தார். எங்கள் ஊரில் பெயர் வைக்கும் உரிமையும் அத்தைக்குத்தான். அப்பா வழியில் பெரிய பெயர்கள் நிறைய உண்டு. பாட்டனார்கள், பாதிரியார்கள், ஒரு கப்பல் தலைவர்கூட. அதில் ஏதோ ஒன்றுதான் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா வழிப் பெயரை வைத்ததாக எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

"இவ பேரு லெசியெலி" என்றார் அண்ணி.

"அது என் முழுப் பேரு அண்ணி!"

"தெரியும். இந்தத் தீவுல என்கிட்ட எதிர்த்துப் பேசின ஒரே ஆளோட பேரு. அது வீணாப் போகக் கூடாது."

படியில் உட்கார்ந்திருந்த ஹவேயா முகத்திலிருந்து கையை எடுத்தார். "ஒரே வீட்டுல ரெண்டு லெசியெலியா? நான் கூப்பிட்டா யாரு வருவாங்க?"

"யாரும் வர மாட்டோம்" என்றேன் நான். "நீங்க எழுந்து வாங்க."

அவர் எழுந்து உள்ளே வந்தார்.